பட்டமா, பட்டியலா? புனிதர் நிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஒரு பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில்) ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவன் நான். இதே மாவட்டத்தில் 1752-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டதிலிருந்து வகுப்பிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படுபவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒரே பதிலைப் பத்து தரம் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். இங்கே சொல்வது பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறை. மற்ற சபைகளைப் பற்றி முடிவுக்கு அருகே வரும்.

புனிதர் பட்டம்னா போப்பாண்டவர் ஒருத்தரைப் புனிதரா ஆக்குறதுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'பட்டம்' என்ற சொல். பட்டம் என்றதும் கலைமாமணியும் டாக்டர் பட்டமும் நினைவுக்கு வருகின்றன. யாரோ மேடையில் கொடுக்கிறார், ஒருவர் வாங்குகிறார் என்று மனசு படம் போட்டுவிடுகிறது. திருத்தந்தை அறிவிப்பு நடக்கும் திருப்பலியில் (பூசையில்) லத்தீனில் வாசிக்கும் வாக்கியத்தின் சாரம் வேறு. இன்னாரைப் புனிதர் எனத் தீர்மானித்து அறிவித்து, புனிதர்களின் பட்டியலில் சேர்க்கிறோம் என்பதே அது. லத்தீன் மூலச்சொல்லுக்கும் பட்டியலில் சேர்ப்பது என்றுதான் பொருள்.

அதாவது அந்த ஆள் ஏற்கெனவே விண்ணகத்தில் இருக்கிறார். அதைத் திருச்சபை விசாரித்து, உறுதிசெய்து, உலகம் முழுக்கப் பொதுவில் வணங்கலாம் என்று சொல்கிறது. என்னைக் கேட்டால் 'பட்டியல்' என்றே மொழிபெயர்த்திருக்கலாம். இனி யார் மாற்றப்போகிறார்கள்!

அப்ப பட்டியல்ல பேரு இல்லாதவங்க புனிதர் இல்லையா? எங்க ஆச்சி ஒரு நாள்கூட ஒருத்தரைத் திட்டினது கிடையாது சார்.

உங்கள் ஆச்சிக்கும் ஒரு நாள் இருக்கிறது: நவம்பர் 1, அனைத்துப் புனிதர் பெருவிழா. பெயர் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தத் திருநாள். பட்டியல் என்பது திருச்சபைக்கு உறுதியாகத் தெரிந்தவர்களின் பெயர்கள் மட்டுமே. விண்ணகத்தின் முழு மக்கள்தொகைக் கணக்கு அல்ல.

எங்க பக்கத்து வீட்டு பெந்தேகோஸ்தே அக்கா, 'நீங்க மனுஷனைக் கும்பிடறீங்க'ன்னு சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

கும்பிடு என்ற ஒரே சொல்லைக் கடவுளுக்கும், வாசலில் வந்து நிற்கும் ஊராட்சித் தலைவருக்கும் பயன்படுத்துகிற மொழி நம்முடையது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. திருச்சபையின் பேச்சில் இரண்டும் வேறு. ஆராதனை இறைவனுக்கு மட்டும். புனிதர்களுக்கு வணக்கம். மாதாவுக்கு அதில் உயர்ந்த வணக்கம், அதுவும் ஆராதனை இல்லை.

புனிதர்களின் மன்றாட்டு மாலையைக் கவனியுங்கள். ஆண்டவரிடம் பேசும்போது 'எங்கள்மேல் இரக்கமாயிரும்' என்கிறோம். அந்தோணியாரிடம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்கிறோம். அக்காவிடம் இந்த இரண்டு வரியையும் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனால் நாம் என்ன சொல்கிறோம் என்பது புரியும்.

தோமையாருக்கும் பேதுருவுக்கும் யார் பட்டம் குடுத்தாங்க?

யாரும் கொடுக்கவில்லை. முதல் நூற்றாண்டுகளில் விசாரணை மன்றம் எதுவும் கிடையாது. விசுவாசத்துக்காக ஒருவர் கொல்லப்பட்டால் அவர் கல்லறையில் மக்கள் ஆண்டுதோறும் கூடினார்கள், திருப்பலி நடந்தது, பெயர் நிலைத்தது. பிறகு அந்தந்த ஊர் ஆயர் (பிஷப்) அதை முறைப்படுத்தத் தொடங்கினார்.

திருத்தந்தை ஒருவர் முறையாகப் புனிதர் என அறிவித்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு 993-ஆம் ஆண்டினது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் உல்ரிக் என்பவரைத் திருத்தந்தை 15-ஆம் யோவான் அறிவித்தார். 13-ஆம் நூற்றாண்டில் இந்த அதிகாரம் திருத்தந்தைக்கு மட்டுமே உரியது என்று சட்டமானது. 1588-இல் 5-ஆம் சிக்ஸ்துஸ் இதைக் கவனிக்க உரோமையில் தனிப் பேராயம் (திருத்தந்தையின் நிர்வாகத் துறை) அமைத்தார். இப்போது நடப்பில் இருக்கும் முறை 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருத்தி எழுதியது.

இப்ப ஒருத்தருக்கு இது எங்கிருந்து ஆரம்பிக்கும்? வத்திக்கான்ல இருந்து ஆள் வருவாங்களா?

வரமாட்டார்கள். ஆரம்பம் எப்போதும் கீழே, மக்களிடம். ஒருவர் இறந்த பிறகும் அவர் புனிதமாக வாழ்ந்தார் என்ற பேச்சு ஊரில் தானாக நிலைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் அடித்து உண்டாக்கிய பேச்சு செல்லாது. அந்தப் பேச்சு இருந்தால், பங்கோ மறைமாவட்டமோ (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) துறவற சபையோ வழக்கை முன்வைக்கும். ஆம், வழக்கு என்றுதான் சொல்வார்கள். அதை நடத்த வேண்டுகையாளர் என்று ஒருவர் நியமிக்கப்படுவார். யாருக்காக வழக்கோ அவர் இறந்த இடத்தின் ஆயர், உரோமையிடம் தடையில்லை என்ற பதிலை வாங்கி விசாரணையைத் திறப்பார்.

பிறகு நடப்பது நீதிமன்ற வேலைதான். சாட்சிகள் விவிலியத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்து பேச வேண்டும். சொல்வதை எழுத ஒரு எழுத்தர் இருப்பார், எழுதியதில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவர் எழுதிய கடிதம், மறையுரை, டைரி எல்லாவற்றையும் வரலாறு தெரிந்தவர்கள் தேடிச் சேர்ப்பார்கள், இறையியலாளர்கள் வாசிப்பார்கள். அவருக்கு எதிராகப் போகும் காகிதத்தையும் சேர்த்தே ஆக வேண்டும், ஒளிக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாம் பெட்டியில் வைக்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு உரோமைக்குப் போகும். அங்கே அதிலிருந்து தயாராகும் நூல் சில வழக்குகளில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும்.

இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர்னு என்னென்னவோ போடுறாங்க. பிரமோஷன் மாதிரியா?

இது அவருக்குக் கிடைக்கும் பதவி உயர்வு அல்ல, விசாரணை எதுவரை வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். வழக்கு திறந்தால் இறை ஊழியர். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு முதலான நற்பண்புகளைச் சாதாரண அளவுக்கு மேல் வீரத்தோடு வாழ்ந்தார் என்று திருத்தந்தை ஏற்றால் வணக்கத்துக்குரியவர். அவர் பரிந்துரையால் ஓர் அற்புதம் உறுதியானால் அருளாளர். முத்திப்பேறு பெற்றவர் என்பதும் அதே நிலைதான். அதன்பின் நடந்த இன்னோர் அற்புதம் உறுதியானால் புனிதர்.

அருளாளருக்கும் புனிதருக்கும் முக்கிய வித்தியாசம் எல்லை. அருளாளரின் திருநாளைக் குறிப்பிட்ட மறைமாவட்டமோ நாடோ துறவற சபையோதான் வழிபாட்டில் கொண்டாடலாம். புனிதர் என்றால் உலகம் முழுவதும்.

செத்து எத்தனை வருஷம் ஆகணும்?

குறைந்தது ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வழக்கையே திறக்கலாம். அழுகையும் ஆரவாரமும் அடங்கட்டும் என்பதற்காக. திருத்தந்தை விரும்பினால் தளர்த்தலாம். 1997-இல் இறந்த அன்னை தெரசாவுக்கும், 2005-இல் இறந்த இரண்டாம் யோவான் பவுலுக்கும் அப்படித் தளர்த்தினார்கள்.

மேல் வரம்பு கிடையாது. பழைய காலத்தில் இந்த ஐந்தாண்டு விதியும் கிடையாது. பதுவை அந்தோணியார் 1231 ஜூன் 13 அன்று இறந்தார், அடுத்த ஆண்டு மே 30 அன்று புனிதர். ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-இல் எரித்தார்கள். புனிதராக அறிவித்தது 1920-இல். அவருக்குத் தண்டனை கொடுத்ததும் ஓர் ஆயர் தலைமையிலான திருச்சபை நீதிமன்றம்தான் என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எல்லாரும் நல்லதா சொன்னா போதுமா? எதிர்த்துப் பேச ஆளே இல்லையா?

முன்பு அதற்கென்றே ஒருவர் இருந்தார். விசுவாசக் காப்பாளர் என்பது அதிகாரப் பெயர். மக்கள் வைத்த பெயர் 'சாத்தானின் வக்கீல்'. குறை கண்டுபிடிப்பதே அவர் வேலை. அந்தப் பணியில் பல ஆண்டுகள் இருந்த லம்பெர்தீனி என்பவர் பின்னாளில் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் ஆனார். அற்புதங்களை எப்படிச் சோதிப்பது என்று அவர் எழுதிவைத்ததன் தடம் இன்றைய நடைமுறையிலும் இருக்கிறது.

1983-இல் அந்தப் பொறுப்பின் அதிகாரம் குறைக்கப்பட்டு, வழக்காடும் முறைக்குப் பதில் ஆய்வு முறை வந்தது. ஆனாலும் எதிர்ச்சாட்சியைக் கேட்பது நிற்கவில்லை. அன்னை தெரசாவைக் கடுமையாகச் சாடி எழுதிவந்த பத்திரிகையாளர் ஒருவரையே கூப்பிட்டுச் சாட்சியம் வாங்கினார்கள். இருந்தாலும் பழைய வக்கீல் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். யோவான் பவுல் தம் காலத்தில் அறிவித்த புனிதர்கள் 482 பேர். அந்த வேகத்துக்குக் கொஞ்சம் பிரேக் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு நவநாள் செபம் சொல்லி ஒரே வாரத்துல காய்ச்சல் விட்டுச்சு. அது அற்புதக் கணக்குல வருமா?

வராது. காய்ச்சல் தானாகவும் விடும். வத்திக்கானில் மருத்துவர் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்ப்பது இவை: நோய் கடுமையானதா, சிகிச்சையால் குணமானது என்று சொல்ல வழியில்லையா, குணம் சட்டென்று முழுமையாக நடந்ததா, நிலைத்ததா. 2016-இல் வந்த விதிப்படி ஏழு பேர் கொண்ட குழுவில் ஐந்து பேராவது இதற்கு இப்போதைய மருத்துவ அறிவில் விளக்கமில்லை என்று ஒப்ப வேண்டும். கவனியுங்கள், 'அற்புதம்' என்று மருத்துவர் சொல்வதில்லை. விளக்கமில்லை என்பதோடு அவர் வேலை முடிந்தது. அது இன்னாரிடம் வேண்டியதால் நடந்ததா என்று இறையியலாளர்கள் பார்ப்பார்கள், அப்புறம் கர்தினால்களும் ஆயர்களும், கடைசியில் திருத்தந்தை.

செபத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தோணியார், மாதா, செபஸ்தியார் என்று ஒரே மூச்சில் பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தால், பலன் யார் கணக்கு என்று சொல்ல முடியாமல் போய்விடும். வழக்கில் இருப்பவரிடம் தனியாக வேண்டியிருக்க வேண்டும்.

இதிலும் திருத்தந்தை விலக்கு அளிக்கலாம். இலங்கையின் யோசேப்பு வாஸ் அப்படித்தான். கோவாவில் பிறந்து, டச்சுக்காரர்கள் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய குரு. 1995-இல் அருளாளர். இரண்டாவது அற்புதம் கேட்காமலே 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

மறைசாட்சிக்கு அற்புதமே வேண்டாம்னு ஒருத்தர் சொல்றார், வேணும்னு ஒருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் பாதி சரி. அருளாளர் நிலைக்கு வேண்டாம், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்ததே போதும். புனிதர் நிலைக்கு ஒன்று வேண்டும். நம் தேவசகாயம் வழக்கே உதாரணம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். டச்சுப் படையில் வந்து குளச்சல் போரில் சிறைப்பட்டு அப்புறம் மன்னரின் படைத்தலைவரான டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2012-இல் மறைசாட்சி என்று உரோமை ஏற்றது, அதே ஆண்டு டிசம்பர் 2 நாகர்கோவிலில் அருளாளர் ஆனார். அதுவரை அற்புதம் கேட்கவில்லை.

அடுத்த கட்டத்துக்கு 2013-இல் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். கருவில் 24 வாரக் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்றாகி, தாய் தேவசகாயத்திடம் வேண்டிய பிறகு துடிப்பு திரும்பியது. 2020-இல் அது ஏற்கப்பட்டது. கொரோனா குறுக்கே வந்ததால் அறிவிப்பு 2022 மே 15-க்குத் தள்ளிப்போயிற்று. இந்தியப் பொதுநிலையினரில் புனிதரான முதல் ஆள் அவர்.

2017 முதல் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கொலை செய்யப்படாவிட்டாலும், பிறருக்காகத் தெரிந்தே உயிரைப் பணயம் வைத்து அதனால் இறந்தவர்கள் அந்த வழியில் வருவார்கள். அங்கே அருளாளர் நிலைக்கே அற்புதம் வேண்டும்.

தேவசகாயத்தைக் கொன்னது மதம் மாறினதுக்கு இல்ல, ராஜ துரோகத்துக்குன்னு சொல்றாங்களே?

சொல்கிறார்கள், சும்மா தள்ளிவிடக்கூடிய வாதமும் இல்லை. மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே டிலனாய் கிறிஸ்தவராக இருந்தாரே, மன்னர் எப்படி மதத்துக்காகக் கொல்வார் என்று கேட்கிறார்கள். மறைசாட்சி வழக்கில் திருச்சபை பார்ப்பது, கொன்றவர்களை நடத்திய காரணம் விசுவாசத்தின்மீதான வெறுப்பா என்பதை. எழுதிவைத்த குற்றச்சாட்டு என்ன என்பதோடு அது நின்றுவிடாது. ஆதிக் கிறிஸ்தவர்களையும் உரோமைப் பேரரசு அரச விரோதிகள் என்றுதான் தண்டித்தது. டிலனாய் பிறவிக் கிறிஸ்தவர், வெளிநாட்டார். அரண்மனைக்குள் இருந்த உயர்சாதிக்காரர் ஒருவர் மதம் மாறி எல்லாச் சாதியாரோடும் கலந்தது அங்கே வேறு மாதிரி பார்க்கப்பட்டது. மூன்று வருஷம் சிறை, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம், விசுவாசத்தை விட்டால் விடுதலை என்ற பேச்சு என இவையெல்லாம் மரபாக வரும் செய்திகள். கொச்சி ஆயர் 1756-இல் உரோமைக்கு எழுதிய அறிக்கையிலேயே அவரைப் பற்றிய தகவல் போயிருக்கிறது. சம்பவம் நடந்து ஐந்து வருஷத்துக்குள் எழுதியது என்பதால் அதற்கு எடை அதிகம்.

காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் மணிபோலக் கேட்கும். போகிறவர்கள் எல்லோரும் தட்டுகிறார்கள். தட்டித் தட்டி அங்கங்கே குழி விழுந்திருக்கிறது. சுட்ட நேரத்தில் அந்தப் பாறை மணியாக ஒலித்தது என்பது ஊர் நம்பிக்கை. ஓரியூரில் கொல்லப்பட்ட மறைசாட்சி அருளானந்தரின் இரத்தத்தால் மண் சிவந்தது என்பதும் அப்படித்தான். மக்களுக்கு அது பெரிது. ஆனால் உரோமைக்குப் போகும் வழக்கில் பாறை சாட்சி சொல்லாது, காகிதம்தான் சொல்லும்.

தேவசகாயம் பேரோட இருந்த 'பிள்ளை'ங்கிறதை எடுத்துட்டாங்களே, ஏன்?

முதல் அறிவிப்புகளில் இருந்தது. சாதியைத் தாண்டியதற்காகத் துன்பப்பட்டவருக்குச் சாதிப் பெயரையே வால்போல ஒட்டுவதா என்று எதிர்ப்புக் கடிதங்கள் போயின. வத்திக்கான் அதை ஏற்று எடுத்துவிட்டது. சரியான முடிவு. ஊரில் இன்னும் சிலர் பழக்கத்தில் சேர்த்துச் சொல்கிறார்கள். பழக்கம்தானா என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும்.

காசு இருந்தாதான் புனிதர் ஆக முடியும்னு சொல்றது நிஜமா?

செலவு உண்டு. மொழிபெயர்ப்பு, ஆவணத் தேடல், அச்சு, மருத்துவ நிபுணர் கட்டணம் என்று ஆண்டுக்கணக்கில் போகும். பின்னால் பணபலமும் ஆள்பலமும் உள்ள துறவற சபை இருந்தால் வழக்கு நகரும், ஓர் ஏழை உபதேசியாருக்கு நகராது. இந்தக் குறை உண்மைதான். பட்டியலில் குருக்களும் கன்னியரும் நிறைந்து, குடும்பஸ்தர்கள் குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2016-இல் பிரான்சிஸ் கணக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, வசதியில்லாத வழக்குகளுக்கு உதவ ஒரு நிதிக்கும் வழிசெய்தார்.

எங்க பங்குல அடக்கம் பண்ணின ஃபாதர் கல்லறைக்கு நிறையப் பேர் வர்றாங்க. சுரூபம் வெச்சுத் தேர் இழுக்கலாமா?

கூடவே கூடாது. அவர்மேல் பிரியம் இருந்தால் முக்கியமாகக் கூடாது. 1634-இல் திருத்தந்தை 8-ஆம் உர்பான் போட்ட விதிகளின் தொடர்ச்சியாக, திருச்சபை அறிவிக்கும் முன் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தக் கூடாது. வழக்கின்போது அப்படி எதுவும் நடக்கவில்லை என்று தனியாகச் சான்று வேறு தர வேண்டும். நம் ஆர்வக்கோளாறே அவர் வழக்கைக் கெடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் கல்லறையின்மேல் குருவானவரின் படத்தை மாட்டி, தலையைச் சுற்றி சீரியல் பல்பில் ஒளிவட்டம் போட்டிருந்தார்கள். பச்சை, சிவப்பு மாறி மாறி எரியும். மறைமாவட்டத்திலிருந்து வந்தவர் பார்த்தவுடன் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கல்லறையில் நின்று தனியாகச் செபிக்கலாம், பூ வைக்கலாம், மெழுகுதிரி ஏற்றலாம். பீடத்தில் படம், ஒளிவட்டம், தேர், திருநாள் ஆகாது.

உடம்பு அழியாம இருந்தாத்தானே புனிதர்? கோவாவுல சவேரியார் இருக்காரே!

அது நிபந்தனையே இல்லை. சவேரியார் புனிதரானது 1622-இல், அவர் வாழ்ந்த வாழ்வுக்காகவும் செய்த பணிக்காகவும். எத்தனையோ புனிதர்களின் எலும்புகூடக் கிடைக்கவில்லை.

ஒரு தடவை குடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா? கிறிஸ்டோபரை நீக்கிட்டாங்களாமே.

முறையாக அறிவித்ததைத் திரும்பப் பெறுவதில்லை. அந்த அறிவிப்பில் திருச்சபை தவறாது என்பதே இறையியலாளர் பெரும்பாலோரின் கருத்து. கிறிஸ்டோபர் விஷயம் வேறு. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைச் சீரமைத்தபோது, வரலாற்றுச் சான்று மெலிந்த பழைய பெயர்கள் சிலவற்றை உலகப் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்தார்கள். புனிதர் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அதே சமயம் எடுக்கப்பட்ட அலெக்சாந்திரியா கத்தரீன் 2002-இல் நாள்காட்டிக்கே திரும்பிவிட்டார்.

பிலோமினாள் இன்னும் சிக்கல். 1802-இல் உரோமை நிலத்தடிக் கல்லறையில் கிடைத்த எலும்புகளையும் ஓட்டில் எழுதியிருந்த பெயரையும் வைத்துப் பக்தி வளர்ந்தது. மேலே சொன்ன விசாரணை எதுவும் அவருக்கு நடந்ததில்லை. 1961-இல் நாள்காட்டிகளிலிருந்து எடுத்தார்கள். உங்கள் வீட்டில் பிலோமினாள் இருந்தால் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

சி.எஸ்.ஐ.-யில, ஆர்த்தடாக்ஸ்ல எல்லாம் இது உண்டா?

சி.எஸ்.ஐ.-யில் தூய தோமா, தூய ஜார்ஜ் என்று ஆலயங்கள் இருக்கும். புதிதாக ஒருவரை விசாரித்து அறிவிக்கும் முறை அங்கே இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் உண்டு. ஆயர் மாமன்றம் அறிவிக்கும். இத்தனை அற்புதம் என்ற எண்ணிக்கை கிடையாது, மக்களிடம் நிலைத்த பக்திக்கு அங்கே எடை கூடுதல். 1902-இல் இறந்த பருமலைத் திருமேனியை மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை 1947-இல் புனிதராக அறிவித்தது அப்படித்தான். கேரளம் என்றதும் பரணங்கானம் அல்போன்சம்மாளையும் அதில் சேர்த்துவிடுவார்கள் சிலர். அவர் சீரோ மலபார் கத்தோலிக்கர், 2008-இல் உரோமையில்தான் அறிவிப்பு நடந்தது.

வழக்குல இருக்கிற ஒருத்தர்கிட்ட வேண்டி நிஜமாவே பெரிய வியாதி குணமாச்சு. யார்கிட்ட சொல்லணும்?

முதலில் பங்குத்தந்தையிடம், அவர் வழியாக வேண்டுகையாளரிடம். சாட்சி சொல்ல வெறும் கண்ணீர் போதாது. குணமாவதற்கு முன் எடுத்த ஸ்கேன், பின் எடுத்த ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பார்த்த டாக்டர்களின் பெயர், வேண்டத் தொடங்கிய தேதி, கூட நின்று வேண்டியவர்கள் யார் என்பதெல்லாம் வேண்டும். எங்கள் பங்கில் ஒரு அம்மா நல்ல மனசோடு, இனி அந்த வியாதி ஞாபகமே வேண்டாம் என்று எல்லா ரிப்போர்ட்டையும் அடுப்பில் போட்டுவிட்டார். அவருக்குக் குணமானது என்னவோ உண்மைதான்.